அந்தப் படிவத்தில் நான் கையொப்பம் இடமாட்டேன்: பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அதிபர் அவர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் அவர்களுக்கும், நிர்வாக உறுப்பினர்களுக்கும்,

போன கிழமை தரம் 11 பிள்ளைகள் எல்லாரிடமும் ஒரு படிவம் கொடுத்து அனுப்பினீர்கள். சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை வீட்டில் தொலைக்காட்சித் தொடர் நாடகங்கள் பார்க்கமாட்டேன், கேபிள் இணைப்பைத் துண்டித்து வைப்பேன் என்று உறுதி கொடுக்கும் படிவம். கீழே கையொப்பத்துக்கு ஒரேயொரு கோடு. கோட்டுக்குக் கீழே 'தாயார்' என்று அச்சடித்திருக்கிறது. தகப்பனுக்கு இடமில்லை, பாதுகாவலருக்கும் இடமில்லை. நான் அதில் கையொப்பம் இடவில்லை. இனியும் இடமாட்டேன்.

இதை நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை, படிவம் கொண்டுவராத பிள்ளைகளை வகுப்பில் எழும்பி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். என் மகளும் நின்றாள். அவளோடு நின்ற பிள்ளைகளில் ஒருத்திக்குத் தாய் இல்லை, அம்மம்மாவோடு வளர்கிறாள். அந்தப் பிள்ளை அந்தக் கோட்டில் யாரிடம் கையொப்பம் வாங்கி வருவது என்று படிவத்தை அச்சடித்தபோது உங்களில் ஒருவரும் யோசிக்கவில்லையா? பிள்ளைகளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்த விஷயத்துக்கு, எல்லாரும் படிக்கும்படி பதில் எழுதுவதுதான் சரி. பாடசாலையின் பெயரை நான் எழுதவில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்த இடம் அது. அதன் பெயர் கெடவேண்டும் என்பது என் நோக்கம் இல்லை.

பொதுக்கூட்டத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். தவணைப் பரீட்சையில் கணித பாடத்தில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தவறிவிட்டார்கள் என்று அதிபர் சொன்னார். ஏன் என்ற கேள்வி வந்தது. நிர்வாகத்தில் ஒருவர் ஒலிவாங்கியை வாங்கி, பின்னேரம் ஆறு மணிக்கு ரீவி முன்னால் குந்தினால் பத்து மணிவரை தாய்மார் எழும்புவதில்லை, பிறகு பிள்ளை எப்படிப் படிக்கும் என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த தகப்பன்மார் சிலர் கைதட்டினார்கள். மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வேலைவெட்டியை விட்டு, சிலர் கைக்குழந்தையோடு, கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்த தாய்மாரும் இருந்தார்கள். கையை உயர்த்திய எங்களுக்கு நேரம் போதாது என்று சொல்லிவிட்டு, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தீர்கள். ஏகமனதாக இல்லை. என் கை உயர்ந்தே இருந்தது.

எங்கள் வீடு திருக்கடலூரில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. என் கணவர் கடலுக்குப் போகிறவர். நான் தையல் வேலை செய்கிறேன். உங்கள் பாடசாலைக்கு வருகிற வெள்ளைச் சீருடைகளில் எத்தனையோ என் மெசினில் தைத்தவைதான். பகலில் மெசின் வேலை, இரவில் கைவேலை. ஓரம் அடிப்பது, பொத்தான் வைப்பது, கொக்கி தைப்பது எல்லாம் இரவு எட்டரைக்குப் பிறகுதான். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் ரீவி ஓடுகிறது. கண் ஊசியில் இருக்கும், காது கதையில் இருக்கும். யாராவது குரல் உயர்த்தினால் நிமிர்ந்து ஒரு பார்வை. ஓரத்தை விரலால் நீவிப் பார்த்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த சட்டையை மடியில் போடும்போது விளம்பரம் தொடங்கியிருக்கும். பத்து மணிக்கு முன் இரண்டு தொடர். அப்புறம் ரீவியை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவோம். மகள் விடிய நாலரைக்கு எழும்பிப் படிப்பவள். அந்த நேரம் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது.

ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை குந்தியிருக்கும் தாய் எங்கள் ஒழுங்கையில் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மணிக்கு ஒருத்தி இடியப்பத்துக்கு மா அவிக்கிறாள், ஒருத்தி ரியூசனுக்குப் போன பிள்ளையைக் கூட்டிவர அநுராதபுரச் சந்தியில் நிற்கிறாள். அப்படி ஓடித் திரிகிறவளுக்கு இரவில் கிடைக்கிற ஒரு மணித்தியாலத்தைத்தான் நீங்கள் குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நாடகம் என்ற ஒரே மூட்டையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டீர்கள். ஆகவே நான் என்ன பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

2002 முதல் 2005 வரை சன் ரீவியில் 'மெட்டி ஒலி' போனது. திருமுருகன் இயக்கியது. ஐந்து பெண்பிள்ளைகளைப் பெற்ற சிதம்பரம் என்ற தகப்பனின் கதை. இதுவரை நான் பார்த்த தொடர்களில் அதற்கு மேல் ஒன்றை என்னால் வைக்க முடியாது. அதில் வந்த மாமியார் கொடுமைக்காரிதான், ஆனால் எங்கள் தெருவில் பார்க்கக்கூடிய கொடுமைக்காரி. டெல்லி குமார் சிதம்பரமாக நடித்தார். சம்பந்தி வீட்டில் மகளுக்காகக் குனிந்து நிற்கும் ஒரு தகப்பனின் தோள் எப்படி இருக்கும் என்று அந்த மனிதர் காட்டினார். ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது சொல்லுக்குச் சொல் உண்மை, ஏனென்றால் இங்கே பெண்ணுக்குச் சீதனம் என்றால் வீடு. நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள். என் அப்பா நாடகம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த நாடகம் போகும் நேரத்தில் வலையைப் பொத்துகிற சாட்டில் விறாந்தையிலேயே இருப்பார். கடைசித் தங்கச்சியின் கலியாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கேட்ட காசைக் கொடுக்க ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழும்பி வந்தார். சிதம்பரம் மாதிரி நான் நிற்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஒரு நாடகம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது 'கோலங்கள்'. 2003 இல் தொடங்கி 2009 வரை போனது. திருச்செல்வம் இயக்க, தேவயானி அபியாக நடித்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டுக் கடிகாரம் இந்தியாவை விட அரைமணித்தியாலம் முன்னால் ஓடியது, 2006 சித்திரையில்தான் இரண்டும் ஒன்றாகின. அங்கே ஒன்பது மணிக்கு வருவது எங்களுக்கு ஒன்பதரை. விடியப்புறம் கடலுக்கு ஆள் அனுப்புகிற வீடுகளில் அதுவரை கண் விழித்திருப்பது லேசான காரியம் இல்லை. இருந்தும் விழித்திருந்தோம். 2004 டிசம்பர் 26 கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ரீவி போனது, தையல் மெசின் போனது, ஆட்களும் போனார்கள். அதன் பிறகு கூடாரத்தில் இருந்தோம். பாலையூற்றில் சொந்தக்காரர் வீட்டில் நாடகம் பார்த்துவிட்டு வருகிற ஒரு மச்சாள், பின்னேரங்களில் தண்ணீர்த் தாங்கி அடியில் வாளிகளோடு வரிசையில் நிற்கும்போது எங்களுக்குக் கதை சொல்வா. அபி சொன்ன வசனத்தை அபி மாதிரியே சொல்லிக் காட்டுவா. இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அக்கா எங்களோடு இருந்தா. சாப்பாடு வேண்டுமா என்று கேட்டாலும் வாய் திறக்கமாட்டா. ஒருநாள் மச்சாள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாளியைத் தூக்கியபோது, பிறகு அபி என்ன செய்தா என்று அந்த அக்கா கேட்டா. கூடாரத்துக்கு வந்த பிறகு அவ தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. உளவளத்துணை செய்ய வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், எங்களுக்காகப் பாடுபட்டவர்கள். ஆனாலும் அந்த அக்காவைக் கதைக்க வைத்தது ஒரு தொடர் நாடகம்.

'கோலங்கள்' 1500 பாகங்களுக்கு மேல் போனது. அவ்வளவு தேவையில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். கடைசி ஆண்டுகளில் வில்லன் ஆதித்யாவின் சதிகளுக்காகவே கதையை இழுத்தார்கள். ஆனால் கணவன் கைவிட்ட ஒரு பெண் அழுதுகொண்டு மூலையில் இருக்காமல், கட்டட வேலையில் இறங்கி, கணக்குப் பார்த்து, ஆம்பிளைகளுக்கு வேலை கொடுத்து நடத்துவதை எங்கள் ஊர்ப் பெண்கள் இரவுக்கு இரவு பார்த்தார்கள். சுனாமிக்குப் பிறகு கடன் எடுத்து நான் மெசின் வாங்கியபோது, உன்னால் முடியுமா என்று கேட்டவர்களே அதிகம். முடியும் என்று எனக்குச் சொல்ல அன்று ஆட்கள் குறைவு, அபி ஒருத்தி இருந்தா.

2022 பெப்ரவரியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. அதுவும் திருச்செல்வம்தான். மதுரையில் ஒரு பெரிய வீடு. படித்த பெண்களை மருமகள்களாக எடுத்து, குசினிக்குள் பூட்டி வைத்திருக்கிற அண்ணன் தம்பிமார். ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். அடிக்காமல், பெரிதாகக் கத்தக்கூட வேண்டியில்லாமல், கதிரையில் இருந்தபடி ஒரு வீட்டையே பயத்தில் வைத்திருக்கும் ஆளை அவர் அப்படியே கொண்டுவந்தார். 2023 செப்டெம்பரில் அவர் இறந்தபோது எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் அன்று அதுதான் கதை. அவருக்குப் பிறகு அந்த நாடகம் பழைய மாதிரி நிற்கவில்லை. என் மகள் என்னோடு இருந்து ஒழுங்காகப் பார்த்த ஒரே தொடர் அது. அந்த வீட்டு மருமகள் ஈஸ்வரி இவ்வளவு படித்தும் ஏன் இத்தனை வருஷம் பேசாமல் இருந்தா என்று ஒருநாள் கேட்டாள். நான் சட்டையை மடியில் வைத்துவிட்டு என் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவாகியும் போகவிடாமல் வீட்டில் மறித்த கதையை. பெரியம்மாவின் பிள்ளைகளுக்கே தெரியாத கதை அது. பதினாறு வயதுப் பிள்ளையோடு இதைக் கதைக்க வேறு எந்த வாசல் எனக்குத் திறந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தொண்ணூறுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, பக்கத்தில் சிங்களம் பேசும் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டில் ரூபவாஹினியில் 'தூ தருவோ' என்ற சிங்களத் தொடர் பார்ப்போம். ஹென்றி ஜயசேன அதில் சுது சீயாவாக, அதாவது வெள்ளைத் தாத்தாவாக வருவார், வெள்ளைத் தலையோடு, பதட்டமே இல்லாமல் கதைப்பார். முதலில் எனக்கு ஒன்றும் விளங்காது. அந்த வீட்டு அக்கா ஒவ்வொரு வசனமாகச் சொல்லித் தருவா. இன்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்), ஆஸ்பத்திரியில், பொலிஸில் எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்குச் சிங்களத்தில் கதைக்க ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பாடசாலையில் நான் படித்த சிங்களம் எழுத்தோடு நின்றுவிட்டது. கதைக்கிற சிங்களம் சுது சீயாவிடம் படித்தது.

எல்லா நாடகமும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே முகத்தை மூன்று தரம் கிட்டக் காட்டி இடி இடிப்பது, செத்தவர் வேறு முகத்தோடு திரும்பி வருவது, மருமகளின் சாப்பாட்டில் எதையோ கலப்பது, ஐந்து நாளும் ஒரே அறைக்குள் நின்று கத்துவது, இவற்றைப் பார்க்க எனக்கும் பொறுமை இல்லை. பிள்ளை பெறாத பெண்ணை அசிங்கமாகப் பேசுகிற தொடர் ஒன்று வந்தபோது நான் அன்றே மாற்றினேன். எது நாடகம், எது வெறும் இழுவை என்று பிரித்துப் பார்க்கிற அறிவு பார்த்துப் பார்த்துத்தான் வருகிறது.

இதில் எனக்கு விளங்கவே இல்லாத ஒரு விஷயம், சாதாரண தரத்துக்கு 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடம் உங்கள் பாடசாலையிலேயே இருக்கிறது. என் மகள் அழகியலுக்கு எடுத்த பாடம் அதுதான். பாத்திரப் படைப்பு என்றால் என்ன, முரண் எங்கே தொடங்குகிறது, உச்சம் எங்கே வருகிறது என்றெல்லாம் வகுப்பில் எழுதி வருகிறாள். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் போடும்போது உடுப்புத் தைக்க என்னைத்தான் கூப்பிட்டீர்கள். நானும் இரவிரவாகத் தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மேடையில் அரங்கேறினால் கலை, அதையே அடுத்த தலைமுறைக்குச் சொல்லித் தருகிறோம். வீட்டில் ஒரு தாய் பார்த்தால் குற்றமா?

அளவுக்கு மிஞ்சிப் பார்ப்பது இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. எனக்கு அது தெரியும், அதைப் பற்றிக் கவலையும் இருக்கிறது. எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வயதான அம்மா தனியே இருக்கிறா. பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். விடிய எழும்பியதும் ரீவியைப் போட்டால், படுக்கும்வரை அது நிற்காது. காலை நாடகம், மத்தியான நாடகம், இரவு நாடகம், மறு ஒளிபரப்பு. போய்க் கேட்டால் கதை பாதி தெரியாது. வீட்டுக்குள் ஆள் சத்தம் வேண்டும், அதுதான் அவவுக்குத் தேவை. அவவுடைய கேபிளை வெட்டினால் அது திருந்தின மாதிரி ஆகுமா? பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் போய் இருந்து கதைக்க ஆள் வேண்டும். அதேபோல, சோறு ஊட்டுவதற்காக இரண்டு வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து வைக்கிற வீடுகளும் கூடி வருகின்றன. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயதாகும்வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லிவிட்டது. முன்பள்ளிப் பெற்றோரைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள், நான் முன்னுக்கு வந்து நிற்பேன்.

ஆனால் தரம் 11 பிள்ளையின் கணிதப் புள்ளிக்கும் என் இரவு நாடகத்துக்கும் நீங்கள் போட்ட முடிச்சை நான் ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

2022 மார்ச் முடிவில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது. ரீவி இல்லை, நாடகம் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்கிற நிலைமை அன்று எல்லா வீட்டிலும் தானாகவே இருந்தது. அந்த மே மாதம்தான் பிந்தி வைத்த சாதாரண தரப் பரீட்சையை என் மூத்த மகன் எழுதினான். மண்ணெண்ணெய்க்கு வரிசை, மெழுகுதிரிக்குக் காசு, வேர்த்து வேர்த்து நனைந்த கொப்பி. ரீவி இருட்டாக இருந்ததால் அவன் ஒரு கணக்கையாவது கூடச் செய்தான் என்று நான் சொன்னால் அது பொய். அதற்கு முன் 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது, பிள்ளைகளை ரீவிக்கு முன்னால் இருத்துங்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். நேத்ரா அலைவரிசையில் பாடம் போனது. நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்று ரீவி ஆசிரியராக இருந்தது.

போனும் அப்போதுதான் வந்தது. வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு வேண்டும், பிள்ளையின் கையில் போன் இருக்கவேண்டும் என்றார்கள். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துத்தான் வாங்கினோம். கொரோனா போய்விட்டது, குழு போகவில்லை. இன்றும் வீட்டுவேலை இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளை போனை எடுக்கிறாள், வீட்டுவேலையைப் பார்க்கிறாள், அதோடு சின்னச் சின்ன வீடியோக்கள் வரிசையாக வருகின்றன, அரைமணித்தியாலம் போய்விடுகிறது. விறாந்தையில் ஓடுகிற ரீவி எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்றும் தெரிகிறது. போன் போர்வைக்குள் ஓடுகிறது. உங்கள் படிவத்தில் போன் என்ற சொல்லே இல்லை.

ஐ.பி.எல். என்ற சொல்லும் இல்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் பின்னேரம் ஏழரைக்குத் தொடங்கினால் பதினொரு மணி தாண்டும்வரை ரீவியை யார் வைத்திருக்கிறார்கள் என்று முன்வரிசையில் கைதட்டியவர்களுக்குத் தெரியும். கிரிக்கெட்டை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே பெட்டி, ஒரே கரண்ட், ஆனால் பழி மட்டும் ஒருத்தருக்கு எப்படி என்றுதான் கேட்கிறேன்.

இனிக் கணித பாடத்துக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகள் தரம் 10 இல் இருந்தபோது கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார். அந்த இடம் மாதக்கணக்கில் வெற்றாகக் கிடந்தது. வகுப்பைப் பார்த்துக்கொள்ள விளையாட்டு ஆசிரியரை அனுப்பினீர்கள். அவர் நல்ல மனிதர், சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார், கணக்குச் சொல்லிக்கொடுக்க அவரால் எப்படி முடியும்? அந்த மாதங்களின் கொப்பி என்னிடம் இருக்கிறது. அட்சரகணிதத் தலைப்பு எழுதி, கீழே கோடு போட்டு, பிறகு பக்கம் பக்கமாக வெறுமை. வசதி உள்ளவர்கள் ரியூசனுக்கு அனுப்பினார்கள். நாங்களும் அனுப்பினோம், சீட்டுக் காசில். அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் தவணைப் பரீட்சையில் அதிகம் தவறியிருக்கிறார்கள். பட்டியலை எடுத்து நீங்களே பாருங்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். வெற்றிடத்தை நிரப்பும்படி வலயக் கல்வி அலுவலகத்துக்கு எத்தனை கடிதம் போனது என்று அன்றைய கூட்டத்தில் கேட்கத்தான் நான் கையை உயர்த்தினேன்.

நான் கேட்பவை இவை.

அந்தப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். வாங்கிய கையொப்பங்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். திங்கட்கிழமை நிற்க வைத்த பிள்ளைகளிடம், குறிப்பாகத் தாயில்லாத அந்தப் பிள்ளையிடம், அதே வகுப்பில் வைத்து வருத்தம் தெரிவிக்கவேண்டும். இதற்கு ஒரு சுற்றறிக்கையும் தேவையில்லை, நாளைக் காலையே செய்யலாம்.

கணித வெற்றிடம் பற்றி வலயத்துக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். எழுதவில்லை என்றால் இப்போது எழுதுங்கள், நாங்கள் எல்லாரும் கீழே கையொப்பம் இடுகிறோம். அந்தக் கோட்டில் தாய், தகப்பன், அம்மம்மா, பெரியப்பா யாரும் இடலாம். தவறவிட்ட தரம் 10 பாடங்களைப் பரீட்சைக்கு முன் முடிக்க, சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் வகுப்பு வையுங்கள். சங்கத்தின் நிதியில் ஆசிரியருக்கு ஏதாவது கொடுக்கலாம். கதிரை துடைப்பது, தேநீர் ஊற்றுவது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வகுப்புக் குழுக்களில் வீட்டுவேலை போடவேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். ஒரு அறை வீட்டுப் பிள்ளைகளுக்காக, பரீட்சை முடியும்வரை ஒரு வகுப்பறையை இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள். லைட் பில் எவ்வளவு கூடும் என்று சொல்லுங்கள், பகிர்ந்து கட்டுவோம். பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆளும் நாங்களே போடுகிறோம்.

ரீவி, போன், கிரிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து, வீட்டில் திரை நேரம் பற்றிக் கதைக்க ஒரு கூட்டம் வையுங்கள். தகப்பன்மாரும் கட்டாயம் வரவேண்டும், கடலுக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நாளாகப் பாருங்கள். அதில் தாய்மாருக்கு ஒலிவாங்கி கொடுங்கள்.

இந்த மடலின் ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கியிருக்கிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை வாசித்து, முடிவை எழுத்தில் தாருங்கள். என் மகள் வழமைபோல் நாளைக்கும் பாடசாலைக்கு வருவாள், அந்தப் படிவம் இல்லாமல். அவளை எழும்பி நிற்கச் சொல்லவேண்டாம். கேள்வி இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தரம் 11 மாணவி ஒருத்தியின் தாய்,
திருக்கடலூர், திருகோணமலை.